மாப்பைப் பிடித்த கை

ஏ.சி. கொஞ்சம் கூடுதலாக ஓடினால் போதும், என் வலது மணிக்கட்டு விண் விண்ணென்று தெறிக்கும். உள்ளே ஒரு தகடும் நான்கு திருகாணிகளும் இருக்கின்றன. போர்டில் எழுதினால் மூன்றாவது வரியில் கை தானாகக் கீழே இறங்கிவிடும். அப்போதெல்லாம் ஒரு மனிதனின் மண்டையில் அம்மிக் குழவியால் ஒரே போடாகப் போட வேண்டும் என்று தோன்றும். பாடம் நடத்திக்கொண்டே அதையும் நினைத்துக்கொள்வேன். பாவம், பிள்ளைகளுக்குத் தெரியாது, டீச்சர் யோசிக்கிறார் என்று நினைப்பார்கள்.

ஷார்ஜாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஏழு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். முவைலாவில் இரண்டு படுக்கையறை வீடு. வீட்டுக்காரருக்குக் கப்பல் கம்பெனியில் இருந்த வேலை போய்விட்டிருந்தது. அவரும் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த எங்கள் மகளும் என் விசாவில் இருந்தார்கள். என் வேலை போனால் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், மகளின் பொதுத்தேர்வு நடுவில் நின்றுபோகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததையும் செய்யாததையும் இதை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

என் நிறம் கரிசல் மண் நிறம். கோவில்பட்டிப் பக்கம் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். செமஸ்டரின் முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்தால், பேராசிரியர் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்பார்கள். புது செக்யூரிட்டி யார் வந்தாலும் சாமான் ஏற்றும் லிஃப்டைக் கை காட்டுவார். ஒருமுறை துறைக் கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்த ஒருவர் இரண்டு காபி, ஒன்றில் சர்க்கரை வேண்டாம் என்றார். நான் எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து, அவர் முன்னால் வைத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் படிக்க வேண்டிய அறிக்கையைப் படித்தேன். அந்த மனிதர் காபியைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு குளியலறைக் கதவை ஓங்கி உதைத்தேன். அதில் விழுந்த ஓட்டை கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது.

இனி நான் சொல்லப்போகிற ஆள் வேறு. இங்கிலாந்துக்காரன், தேர்வுகளுக்குப் பொறுப்பாளன். ஆறடிக்கு மேல் உயரம், வளைகுடாவில் பதினைந்து வருடம் இருந்தவன். அவனும் நானும் இரண்டு வருடம் ஒரே கமிட்டியில் இருந்தோம். எனக்கு எதிர்நாற்காலியில் உட்கார்ந்து என் பிஸ்கட்டைத் தின்றிருக்கிறான். மரியாதையெல்லாம் அன்றைக்கே போயிற்று, அவன் என்றே எழுதுகிறேன்.

அன்று இறுதித் தேர்வு. ஒன்பது மணித் தேர்வுக்கு நான் எட்டரைக்கே போய்விட்டேன். தேர்வுக்கூடத்து வாசலில் குடிநீர் மெஷின் ஒழுகி, வராந்தா முழுக்கத் தண்ணீர். வழக்கமாக அங்கே துடைக்கிற பெண்மணியைக் காணோம். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று அவரைப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. அவருடைய தள்ளுவண்டி மட்டும் தூண் ஓரமாக நின்றது, மாப்பும் மஞ்சள் எச்சரிக்கைப் பலகையும் அதிலேயே இருந்தன. இருநூறு பிள்ளைகள் ஓடிவரப் போகிற இடம். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு, தரையில் தண்ணீர் கிடந்தால் தாண்டிப் போக முடியாது. எத்தனை பட்டம் வாங்கினாலும் போகாது. பையைத் தூணடியில் வைத்தேன். துப்பட்டாவை இடுப்பில் செருகினேன். மஞ்சள் பலகையை நடு வராந்தாவில் விரித்து வைத்தேன். அதை என் கையால்தான் வைத்தேன், மறந்துவிடாதீர்கள். பிறகு துடைக்க ஆரம்பித்தேன்.

அவன் வினாத்தாள் கட்டோடு வந்தான். என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கி, "யல்லா, யல்லா, ஜல்தி", சீக்கிரம் முடி என்றான். விளையாட்டாகச் சொல்கிறான் என்று ஒரு நொடி நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. என்னிடம் விரல் சொடுக்காதே என்று ஆங்கிலத்தில் சொன்னேன், மாப்பைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்குள் போகத் திரும்பினேன். மேற்பார்வை டியூட்டி எனக்குத்தானே. எதிர்த்துப் பேசுகிற கிளீனரை அவன் பதினைந்து வருடத்தில் பார்த்திருக்க மாட்டான்போல. "மாஃபி, மாஃபி", கூடாது கூடாது என்று கத்திக்கொண்டு என் மேல்கையைப் பிடித்தான். பிடித்தான் என்பது சின்ன வார்த்தை. ஐந்து விரலும் சதைக்குள் இறங்கின. அப்படியே சுழற்றி வெளியே எறிந்தான்.

பலகையைச் சாய்த்துக்கொண்டு போய் விழுந்தேன். மாப்புக் கம்பு அடியில், என் கை அதன் மேல், கையின் மேல் என் முழு எடை. முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். அது என் எலும்பு என்று புரிவதற்குள் வாயில் ரத்தம் வந்துவிட்டது, நாக்கைக் கடித்திருந்தேன். அவன் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். விழுந்து கிடந்த பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மாணவி ஒருத்தி ஓடிவந்து, டாக்டர், டாக்டர் என்று கத்தினாள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் கதவு திறந்தது.

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. மண்டியிட்டு உட்கார்ந்து, ஐயோ டாக்டர், நான் உங்களைக் கிளீனர் என்று நினைத்துவிட்டேன் என்றான். சுற்றி நின்ற எல்லோர் முகத்திலும் ஓ, அப்படியா என்று ஒரு நிம்மதி வந்தது. இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்த வலியிலும் எனக்கும் அந்த நிம்மதி வந்தது. என்னை என்று தெரிந்து தள்ளவில்லையே என்று.

மறுநாள் அறுவை சிகிச்சை முடிந்து மருந்து மயக்கத்தில் கிடந்தேன். பல்கலைக்கழக மனிதவளப் பிரிவிலிருந்து நம்ம ஊர்க்காரர் ஒருவர் பழக்கூடையோடு வந்தார், சென்னைக்காரர். யானைக்கும் அடி சறுக்கும் மேடம், மனசுல வெச்சுக்காதீங்க என்றார். தள்ளியது யானை, அடி பட்டது எனக்கு என்று நான் முனகினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை நீட்டினார். முழுக்க அரபி. இன்சூரன்ஸுக்கான ஃபார்மாலிட்டிதான் என்றார். இந்த ஊரில் அரபிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது எங்களுக்குச் சாப்பிடுவது மாதிரி. வாடகை ஒப்பந்தம், மின்சார இணைப்பு, சிம் கார்டு, பிள்ளையின் ஸ்கூல், எதைப் படித்தோம்? நம்மாள் ஒருவர் பக்கத்தில் நின்று இங்கே, இங்கே என்று விரல் வைப்பார், நாம் போடுவோம். இடது கையால் கோழி கிளறிய மாதிரி இரண்டு இடத்தில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து டீன் அறையில் சமாதானக் கூட்டம் நடந்தது. பேரீச்சம்பழப் பெட்டி, ஏலக்காய் மணக்கிற அரபிக் காபி, காவா. அவன் மன்னிப்புக் கேட்டான். ஒரு சக பேராசிரியர் மேல் நான் கை வைப்பேனா, கிளீனர் என்றுதான் நினைத்தேன் என்று திரும்பச் சொன்னான். டீன் என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் முனைவர் பட்டம் வாங்கியவள், இருபது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவள், கிளீனர் இல்லை, அதை இவர் இனியாவது நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமை. வீட்டுக்காரரிடம் இரண்டு தரம் சொல்லிக்காட்டினேன்.

பத்தாம் நாள் கையில் மாவுக்கட்டோடு வேலைக்குப் போனேன். வராந்தாவில் புது கிளீனர். பழைய பெண்மணி எங்கே என்று கேட்டால் அந்தப் பெண் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினாள். பழையவர் இலங்கை மலையகத்துக்காரர், ஹட்டன் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று வருடமாகத் தினமும் என்னைப் பார்த்து, "சாப்டீங்களா மிஸ்" என்பார், நானும் ஆச்சும்மா என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுவேன். அவர் சாப்பிட்டாரா என்று நான் ஒரு நாளும் நின்று கேட்டதில்லை.

பெண்கள் கழிப்பறையை ஒட்டிச் சாமான் வைக்கிற சின்ன அறை. அங்கே கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். கீழுதட்டில் தையல். வாயைத் திறந்தபோது முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. கேட்டேன். மெல்லச் சொன்னார். போர்டு வைக்காததால் டாக்டரம்மா வழுக்கி விழுந்துவிட்டார், பெரிய இடத்தில் புகார் ஆகிவிட்டது என்று அவர்கள் கம்பெனி சூப்பர்வைசர் அந்த மஞ்சள் பலகையாலேயே முகத்தில் அடித்திருக்கிறான். வர வெள்ளிக்கிழமை விசா கேன்சல், டிக்கெட் போட்டாயிற்று. இரண்டு பிள்ளைகள் அங்கே காலேஜில் படிக்கிறார்கள், வேறு சம்பாத்தியம் இல்லை.

நேராகக் கீழே போனேன். சூப்பர்வைசர் லாரி நிறுத்துகிற இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான், நம்ம நாட்டுக்காரன்தான். இடது கையால் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினேன். டீ என் மாவுக்கட்டு மேல் கொட்டியது. கட்டையில போறவனே, அறுக்கிறேன் உன் கையை என்று சுத்தத் தமிழில் ஆரம்பித்தேன், அவனுக்கு அது புரிந்ததோ என்னவோ பயந்துபோனான். போன் திரையைத் தூக்கிக் காட்டினான். "மேடம், ஆப் ஹி நே லிக்கா" என்றான். நீங்கள்தானே எழுதிக்கொடுத்தீர்கள். திரையில் என் கோழிக்கிறுக்கல் கையெழுத்து இருந்தது.

அந்தப் படத்தை என் போனில் வாங்கிக்கொண்டு எங்கள் துறையில் இருந்த சூடான் நாட்டுத் தோழியிடம் ஓடினேன். அவள் படித்து நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். எச்சரிக்கைப் பலகை இல்லாத ஈரத் தரையில் நான் தானாக வழுக்கி விழுந்தேன், வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை, துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவே காரணம். கீழே நான். என் கையால் விரித்து வைத்த பலகை இல்லை என்று என் கையாலேயே எழுதிக்கொடுத்திருக்கிறேன். முனைவர் பட்டமாம்.

திரும்பி அந்தச் சின்ன அறைக்குப் போனேன். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். நான் வழுக்கவே இல்லை அக்கா, அந்த ஆள் தள்ளினான், என்னைக் கிளீனர் என்று தப்பாக நினைத்துத் தள்ளிவிட்டான், அதுதான் நடந்தது, நான் போய்ச் சரி பண்ணுகிறேன் என்றேன். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கோபமே இல்லாத குரல்.

"அப்ப கிளீனர்னா தள்ளலாமா மிஸ்?"

அடி என்றால் அதுதான் அடி. தகடு வைத்துத் திருகாணி போட்டபோதுகூட அப்படி வலிக்கவில்லை. டீன் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து நான் சொன்ன பெருமைப் பேச்சு முழுக்க என் முகத்திலேயே வந்து விழுந்தது. நான் என்ன புகார் சொன்னேன்? ஆளைத் தள்ளியது தப்பு என்றா சொன்னேன்? ஆள் மாறிப்போச்சு என்றல்லவா சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் மெதுவாகத்தான் பேசினார். "பொதுத்தேர்வு முடியட்டும்பா. நாலு மாசம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்றார். வெள்ளிக்கிழமை அக்காவை ஏற்றிவிடுவார்கள் என்றேன். அவர் மகளின் தேர்வு அட்டவணையை எடுத்துப் பார்த்தார். அப்படிப் பார்த்ததுதான் தாங்கவில்லை. இடது கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் வீசினேன். அது தெறித்து அவர் நெற்றியில் பட்டு ரத்தம் கொட்டியது. மகள் அறையிலிருந்து வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பஞ்சு எடுக்கப் போனாள். அன்றைக்கு நான் அந்த வராந்தாக்காரன் மாதிரிதான் இருந்தேன், மன்னிப்புக் கேட்டேன், ஆனால் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. பஞ்சை நெற்றியில் அழுத்திக்கொண்டு அவர்தான் கடைசியில், போ, என்ன ஆனாலும் சேர்ந்தே பார்க்கலாம் என்றார்.

புதன்கிழமை காலை டீன் அறை. டீன், அவன், நம்ம ஊர் மனிதவளக்காரர், நான். கோப்பு முடிந்துவிட்டது, "கலாஸ்" என்றார் டீன். அவர் உங்களைக் கிளீனர் என்று நினைத்தார், நீங்களும் அதை ஏற்றுக்கொண்டீர்களே என்றார். ஆமாம், ஏற்றுக்கொண்டேன், அதைத்தான் இப்போது திருப்பி எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அன்றைக்குக் கிளீனர் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். மாப் பிடித்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் நான் கிளீனர்தான். இப்படி எழுதுங்கள் என்றேன்: ஒரு கிளீனரை இந்த ஆள் தூக்கி எறிந்து எலும்பை உடைத்தான். இப்போது விசாரியுங்கள்.

யாரும் எழுதவில்லை. அவன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். நான் மாவுக்கட்டை ஓங்கி மேசையில் அடித்தேன். காவா கோப்பைகள் துள்ளி விழுந்தன, கட்டு குறுக்கே விரிசல் விட்டது, வலி தோள் வரைக்கும் ஏறி என் கண்ணில் தண்ணீர் வந்தது. மனிதவளக்காரர், "மேடம், பொறுமை, நம்ம ஃபேமிலிய யோசிங்க" என்று தமிழில் கிசுகிசுத்தார். மயக்கத்தில் கிடந்தவளிடம் பொய்யாக எழுதி வாங்கிய காகிதம் இது, இன்று மத்தியானத்துக்குள் அந்த அம்மாவின் கேன்சல் நிற்கவில்லை என்றால் இதைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன், அங்கே உங்கள் பெயரைத்தான் முதலில் சொல்வேன் என்று அவரிடமும் தமிழிலேயே சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. டீனிடம் அதை அவர்தான் மொழிபெயர்த்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கேன்சல் நின்றது. அந்த சூப்பர்வைசரை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். பல்லுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மணிக்கட்டுக்கு மறுபடியும் கட்டுப் போட வேண்டியிருந்தது, கோணலாகத்தான் சேர்ந்தது. என் ஒப்பந்தத்தை ஜூனுக்கு மேல் நீட்டிக்கவில்லை, காரணம் எதுவும் எழுதவில்லை. மகள் அதற்குள் தேர்வை முடித்துவிட்டாள், அந்த மட்டும் தப்பித்தோம். இப்போது பஹ்ரைனில், குதைபியாவில் ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அவனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்குத்தான் ஆனது. அடுத்த வாரமே ஒரு சுற்றறிக்கை வந்தது. இத்தகைய வருந்தத்தக்க குழப்பம் மீண்டும் நேராதிருக்க, ஆசிரியர்கள் எல்லோரும் அடையாள அட்டையைச் சிவப்பு நாடாவில் கழுத்தில் தெரியும்படி அணிய வேண்டும். வெள்ளைக்காரர்கள் யாரும் அதை மாட்டவில்லை, அவர்களுக்கு எதற்கு? எங்களைப் போன்ற பெண்கள்தான் ஓடி ஓடி மாட்டிக்கொண்டார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எல்லார் கழுத்துலயும் என்னாத்துக்கு மிஸ் செவப்பா தொங்குது" என்று கேட்டார். கிளீனர் இல்லை என்று தெரிவதற்கு என்று சொன்னேன். எதற்கு மறைக்க வேண்டும்? அவர் பாதிப் பல் தெரியச் சிரித்தார். நான் என் நாடாவைக் கழற்றி அவருடைய அழுக்குத் தண்ணீர் வாளியில் போட்டேன். ஜூன் வரைக்கும் வெறுங்கழுத்தோடுதான் போனேன், செக்யூரிட்டி தினமும் நிறுத்தினார், நானும் தினமும் சண்டை போட்டேன்.

கடைசி நாள் என் புத்தகப் பெட்டிகளை எடுக்க அக்கா வந்தார். வராந்தாவில் அவர் முன்னால் போனார், நான் பத்தடி பின்னால். எதிரே அவன் வந்தான். முதலில் அவர்தான் அவன் கண்ணில் பட்டார், கறுத்த பெண், கையில் பெட்டி, கழுத்தில் ஒன்றும் இல்லை. கிளீனரா, நாடா மாட்டாத டாக்டரா என்று அவன் தயங்கினான். பிறகு சுவரோடு ஒட்டி நின்று, தலையைக் குனிந்து, மன்னிக்கவும் டாக்டர் என்று அவருக்கு வழி விட்டான். அக்கா நிற்கவே இல்லை. நேராக நடந்து போனார்.